இருபத்துநான்கு அடி வேகன்

மாதிரி ரயில் வைத்திருப்பதாக யாரிடமாவது சொன்னால் அவர்கள் மனதில் ஓடும் படம் அநேகமாக ஒன்றுதான். புகை விடும் எஞ்சின், பின்னால் மஞ்சள் விளக்கெரியும் பயணிகள் பெட்டிகள், சின்னதாக ஒரு ஸ்டேஷன், பச்சைப் பஞ்சில் செய்த மரங்கள். என் பேஸ்மெண்டுக்கு வருகிற நண்பர்கள் அதனால் கொஞ்சம் ஏமாந்துபோகிறார்கள். அங்கே ஓடுவது ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே நீளம் கொண்ட நாற்பது குட்டை வேகன்கள். ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்க நினைத்து, மரியாதைக்காக ‘மொத்தம் எத்தனை பெட்டி?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். அதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நிலவியலில் தொடங்கிக் கப்பல் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

நான் செய்வது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஓடிய ‘துலூத், மிசாபி அண்ட் அயர்ன் ரேஞ்ச்’ ரயில்வேயின் இரும்புத்தாது வண்டி. அளவு 1:87, இந்தப் பொழுதுபோக்கின் பாஷையில் ஹெச்.ஓ. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். காலம் 1957 அக்டோபர். ஏன் அந்த வருடம் என்பதைப் பிறகு சொல்கிறேன். எம்.எஸ். படிக்க வந்து, இங்கேயே மென்பொருள் வேலையில் உட்கார்ந்துவிட்டவன் நான். மின்னசோட்டாவின் குளிர் ஐந்து மாதம் ஆளை வீட்டுக்குள் அடைத்து வைக்கும். வீட்டுக்கு வீடு பேஸ்மெண்ட் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் மனிதன் ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்?

முதலில் ஊர். சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் துலூத் என்ற துறைமுக நகரம். அங்கிருந்து அறுபது எழுபது மைல் வடக்கே போனால் மெசாபி என்கிற இரும்புத்தாதுப் பட்டை. ஒஜிப்வே மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கு ராட்சதன் என்று பொருள். அவர்கள் அந்த வட்டார நிலத்தை 1854ஆம் வருட ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை மெசாபி, மெசாபா, மிசாபி என்று காதில் விழுந்தபடியெல்லாம் எழுதிவைத்ததால் தாதுப்பட்டைக்கு ஒரு எழுத்து, ரயிலுக்கு வேறு எழுத்து என்று நிலைத்துவிட்டது. 

1890 நவம்பரில் மவுண்டன் அயர்ன் என்று பின்னால் பெயர் பெற்ற இடத்தில் துலூத்தைச் சேர்ந்த மெரிட் சகோதரர்களின் ஆட்கள் தாதுவைக் கண்டுபிடித்தார்கள். பாரவண்டியின் சக்கரம் பைன் ஊசிச் சருகுகளைக் கிழித்துக்கொண்டு இறங்கியபோது கீழே மண் சிவப்பாக இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அப்படியே நடந்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் கதை அந்தத் தாதுவின் குணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இரும்புத்தாது என்றால் கெட்டிப் பாறை, ஆழமாகச் சுரங்கம் தோண்டி வெடிவைத்து எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, மண்வெட்டியால் வாரும்படி மேலாகவே கிடந்த இந்தச் செம்பொடி ஒரு பொருட்டாகவே படவில்லை. உலைக்காரர்களும் முதலில் முகம் சுளித்தார்கள். பொடி உலையை அடைக்கிறது, புகைபோக்கி வழியாகப் பறந்துபோகிறது என்று புகார்.

மெரிட் சகோதரர்கள் கடன் வாங்கிச் சொந்தமாக ரயில் பாதையே போட்டார்கள். முதல் தாது 1892இல் போனது. அடுத்த வருடமே அமெரிக்கப் பொருளாதாரம் படுத்தது. கடன் கொடுத்தவர்களில் ராக்ஃபெல்லர் இருந்தார். சுரங்கமும் ரயிலும் அவர் கைக்குப் போயின. 1901இல் அவரிடமிருந்து யு.எஸ். ஸ்டீல் கைக்கு. கண்டுபிடித்த குடும்பத்துக்குக் கடைசியில் மிஞ்சியது பெயர்தான். இந்தப் பகுதியை இவ்வளவு வேகமாகத் தாண்டுவது நியாயமில்லை, தனியே ஒரு நாவலுக்கான சமாசாரம். நமக்கு வேண்டியது வேகன்.

ஹெமடைட் என்கிற இந்தத் தாது நம் காவிக்கல்லின் சொந்தக்காரன்தான். கோயில் சுவரில் பட்டை பட்டையாய் அடிக்கிற செங்காவிக்கு நிறம் கொடுப்பது இதே இரும்பு ஆக்சைடு. இதன் முதல் குணம் சிவப்பு, இரண்டாவது கனம். ரயில்காரர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். எழுபது டன் நிலக்கரி ஏற்ற நாற்பது அடி நீளமுள்ள வேகன் வேண்டும். எழுபது டன் தாதுவுக்கு இருபத்துநான்கு அடி போதும், உயரமும் குறைவு. இதைவிட நீளமாகச் செய்தால் இடம் இருக்கிறதே என்று யாராவது நிரப்பிவிடுவார்கள், அச்சு முறியும். ஆகவே நாய்க்குட்டி மாதிரி கட்டையாய், அகலமாய், எட்டுச் சக்கரத்தில் நிற்கும் ஒரு விசித்திர வேகன் உருவானது. தரையில் அடிக்கதவு. திறந்தால் மொத்தமும் கீழே கொட்டும்.

எங்கே கொட்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வருகிறது. துலூத்தில் தாதுத் துறைமேடைகள் கட்டினார்கள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாலம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால் மறுகரை இல்லாத பாலம். தண்ணீர் மட்டத்திலிருந்து எண்பது அடி உயரத்தில் மேலே தண்டவாளங்கள். தண்டவாளத்துக்குக் கீழே இருபக்கமும் வரிசையாகப் பெரிய தொட்டிகள். ரயில் மேலே வந்து நின்று தாதுவைத் தொட்டிகளில் கொட்டும். கப்பல் பக்கவாட்டில் வந்து ஒட்டி நிற்கும். தொட்டியின் வாயிலிருந்து நீண்ட சரிவுத் தகட்டைக் கப்பலின் திறப்புக்குள் இறக்கினால் தாது தானாகவே சரிந்து உள்ளே போகும். எண்பது அடி உயரம் எதற்கு என்றால், பம்ப் இல்லாமல், பெல்ட் இல்லாமல், புவியீர்ப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்தாயிரம் டன் கப்பலைச் சில மணி நேரத்தில் நிரப்புவதற்கு.

தொட்டிகள் பன்னிரண்டு அடிக்கு ஒன்று. வேகன் இருபத்துநான்கு அடி, அதாவது சரியாக இரண்டு தொட்டி. ஏரிக் கப்பல்களின் மேல்தளத் திறப்புகளும் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு அடிக்கு ஒன்று. 1918 வாக்கில் கட்டி முடித்த ஆறாம் எண் மேடையின் நீளம் 2,304 அடி. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், 192 வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 384 தொட்டி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த மேடைக்கு 384 தொட்டி என்றுதான் போட்டிருக்கும். வேகன், மேடை, கப்பல் மூன்றும் ஒரே அளவுகோலின் மடங்குகள். மென்பொருளில் இருபது பேர் வட்ட மேஜையில் உட்கார்ந்து இடைமுகத் தரநிலை என்று மாதக்கணக்கில் சண்டை போடுவோம். இங்கே தாதுவின் கனமும் ஒரு மரத்தச்சு அளவும் சேர்ந்து அந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்திருக்கின்றன.

மாதிரி செய்கிறவனுக்கு இது வரமும் சாபமும். பன்னிரண்டு அடி என்பது 1:87 அளவில் 42 மில்லிமீட்டர். வேகன் 84 மில்லிமீட்டர். கடையில் வாங்குகிற மாதிரி வேகன்களில் கப்ளிங் கொஞ்சம் பெரிதாக இருக்கும், குழந்தைகள் கையாளலாம், வளைவில் பிடுங்கிக்கொள்ளாது என்பதற்காக. அதனால் வேகனுக்கு வேகன் ஒரு மில்லிமீட்டர் கூடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. என் மேடை இரண்டு மீட்டர் நீளம், 24 வேகன் நிற்கும். வேகனுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் கடைசி வேகன் 24 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அரைத் தொட்டிக்கும் மேல். தொட்டியின் வாய்க்குப் பதிலாக நடுச்சுவரின் தலையில் கொட்ட வேண்டியதுதான். ஆகவே எல்லாக் கப்ளிங்கையும் கழற்றிவிட்டு அளவுக்குப் பொருந்துகிற சின்னக் கப்ளிங்காக மாற்றி, அடிப்பலகையில் புதிதாகத் துளை போட்டு, ஒவ்வொரு வேகனையும் ஒரு பித்தளை அச்சில் வைத்துச் சரிபார்த்தேன். நாற்பது வேகன், எண்பது கப்ளிங். ஒரு குளிர்காலம் அதிலேயே போனது.

நீளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிஜ வண்டியில் ஒரு எஞ்சின் 180 வேகன் வரைக்கும் இழுத்தது. மாதிரியில் அது பதினைந்து மீட்டர். நிஜ ஆறாம் எண் மேடை மாதிரியில் எட்டு மீட்டர். சுரங்கத்திலிருந்து ஏரிக்கு உள்ள தூரத்தை அப்படியே சுருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். மேடைக்கு மேலே குன்றில் ப்ராக்டர் என்ற யார்டு, ஏரியிலிருந்து சுமார் 600 அடி உயரத்தில். அது மாதிரியில் இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். என் பேஸ்மெண்டின் கூரை அதைவிடச் சற்றுத்தான் உயரம். மேல் வீட்டில் சமையலறையில் யார்டு, கீழே மேடை என்று ஒரு திட்டத்தைத் தாளில் வரைந்து மனைவியிடம் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

ஆக, வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் ரசனை இருக்கிறது. ஊர்களை வெட்டலாம், காட்டை வெட்டலாம், ப்ராக்டரின் பல தண்டவாளங்களை ஐந்தாக்கலாம். ஆனால் வண்டியின் நீளத்தில் ஒரு எல்லைக்கு மேல் கை வைக்கக்கூடாது. பத்து வேகன் இழுத்தால் அது பொம்மை. பார்க்கிறவர் அனிச்சையாக எண்ணிவிடுவார், எண்ணி முடித்ததும் கண்ணை எடுத்துவிடுவார். இருபதிலும் எண்ணுகிறார்கள். முப்பத்தைந்தைத் தாண்டும்போதுதான் எண்ணுவதைக் கைவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பிக்கிறார்கள். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, வந்துபோன விருந்தாளிகள்தான் ஆதாரம். ஆகவே நாற்பது. எஞ்சின் வளைவுக்குப் பின்னால் மறைந்த பிறகும் வேகன்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த ரயிலின் அழகு சலிப்பில் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரவில் லெவல் கிராசிங்கில் கூட்ஸ் வண்டிக்காக நின்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

எடையில் ஒரு பௌதிக வேடிக்கை உண்டு. நீளம் 87 மடங்கு குறைந்தால் கனஅளவு 87ஐ மூன்று முறை பெருக்கிய மடங்கு, ஆறரை லட்சத்துக்கும் மேல், குறையும். எழுபது டன் தாது மாதிரியில் 96 கிராம். காலி வேகன் 30 கிராம்தான் இருக்க வேண்டும். ஆனால் 30 கிராம் வேகனை வரிசையில் மாட்டி வளைவில் இழுத்தால் கயிறு நேராவதுபோல் வண்டி நேராகப் பார்க்கும், நடுவில் உள்ளவை உள்பக்கமாகக் கவிழும். இங்குள்ள மாதிரி ரயில் சங்கத்தின் சிபாரிசுப்படி கணக்குப் போட்டால் இந்த நீளத்துக்கு 75 கிராம் வருகிறது. ஆகவே என் காலி வேகன்கள் எல்லாம் பொய்யான கனத்தோடுதான் ஓடுகின்றன, அடியில் ஒட்டிய ஈயத் துண்டுகளின் புண்ணியத்தில். நாற்பதும் சேர்ந்தால் மூன்று கிலோ. இரண்டு சதவீத ஏற்றத்தில் அதை மேலே இழுப்பதற்கு மாதிரி எஞ்சினும் திணறத்தான் செய்யும். நல்லவேளை, நிஜத்தைப் போலவே இங்கேயும் சுமை இறங்குகிறது, காலிதான் ஏறுகிறது. 

நிஜத்தில் ப்ராக்டரிலிருந்து ஏரிக்கு இறங்கும் பாதை 2.2 சதவீதச் சரிவு. பல ஆயிரம் டன் பின்னாலிருந்து நெட்டித் தள்ள, பிரேக்கை நம்பி இறங்க வேண்டும். என் வேகன்களில் பிரேக் கிடையாது. எஞ்சினுக்குள் இருக்கும் வார்ம் கியரில் மோட்டார் சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரம் மோட்டாரைச் சுற்ற முடியாது. அந்த ஒரு வசதியால் என் குன்றில் யாரும் சாகவில்லை.

எஞ்சினைப் பற்றிச் சொல்லாவிட்டால் ரயில் பிரியர்கள் மன்னிக்கமாட்டார்கள். ‘யெல்லோஸ்டோன்’ வகை, சக்கர அமைப்பு 2-8-8-4. பால்ட்வின் கம்பெனி 1941இல் எட்டும் 1943இல் பத்தும் செய்து கொடுத்தது. யுத்த காலம், டாங்கிக்கும் கப்பலுக்கும் எஃகு வேண்டும், எஃகுக்கு மெசாபி வேண்டும். இழுவிசை 1,40,000 பவுண்டு. உலகின் மிகப் பெரிய நீராவி எஞ்சின்களில் ஒன்று. மூன்று இன்னும் இருக்கின்றன. ப்ராக்டரில் 225, துலூத் ரயில் அருங்காட்சியகத்தில் 227, டூ ஹார்பர்ஸ் ஊரில் 229. பக்கத்தில் நின்று பார்த்தால் சக்கரமே ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். மாதிரியில் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், என் சேமிப்பில் கணிசமான பள்ளம். அவ்வளவுதான். இணையத்தில் இந்த எஞ்சினைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. வேகனுக்குள் என்ன இருந்தது என்பதைப் பற்றித்தான் குறைவு.

உள்ளே இருப்பதை மாதிரியில் பலரும் ஒரு கறுப்பு அல்லது பழுப்பு பிளாஸ்டிக் மூடியாகப் போட்டுவிடுவார்கள், விளிம்பு வரைக்கும் நிரம்பி. புகைப்படங்களைப் பாருங்கள். பச்சைத் தாது, அதாவது சுரங்கத்திலிருந்து அப்படியே வந்தது, விளிம்பைத் தொடாது. எடை வரம்பு முதலில் நிறைந்துவிடும், இடம் மிச்சமிருக்கும். நீராவி மண்வாரி அள்ளிப்போட்டதால் நடுவில் ஒழுங்கற்ற ஒரு குவியல், ஓரங்களில் பள்ளம். ஈரமாக இருந்தால் கட்டி கட்டியாக நிற்கும். நிறமும் ஒன்றில்லை. ஒரு சுரங்கத்தில் ரத்தச் சிவப்பு, இன்னொன்றில் கத்தரிப்பூ சாயல், லிமோனைட் கலந்தால் மஞ்சள் காவி, சிலது ஏறக்குறைய கறுப்பு. நான் நாற்பது குவியல்களையும் தனித்தனியாகச் செய்தேன். ரெட்டை அடுக்கு அட்டை, அதன்மேல் சலித்த மணல், ஆறு விதச் சாயம். அடியில் ஒரு இரும்புத் துண்டு. மேடையில் ‘கொட்டி’ முடித்ததும் காந்தத்தால் தூக்கி எடுத்துவிடலாம், வேகன் காலி.

நிஜத் தாதுவையே இடித்துப் போடலாமே என்று கேட்பார்கள். மெசாபியில் மலை மலையாகக் கிடக்கிறது, ஒரு டப்பா எடுத்து வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தூள் பற்சக்கரத்துக்குள் புகுந்தால் உப்புத்தாள்தான். மாக்னடைட் கலந்திருந்தால் இன்னும் மோசம், நேரே மோட்டார் காந்தத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வருடக் கணக்குக்கு வருகிறேன். அந்த ரயிலின் வரலாற்றில் அதிகத் தாது போன வருடம் 1953. ஐந்து கோடி டன்னை நெருங்கியது. அப்போதே எல்லோருக்கும் தெரியும், நல்ல தாது தீர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு உலக யுத்தங்களும் அந்தக் குழியிலிருந்துதான் அள்ளிக்கொண்டு போயிருந்தன. மீதமிருந்தது டாகனைட் என்ற கெட்டிப் பாறை. கால்பங்கோ சற்று மேலோதான் இரும்பு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஈ. டபிள்யூ. டேவிஸ் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகள் அந்தப் பாறையோடு மல்லுக்கட்டினார். மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, களிமண் சேர்த்து உருண்டை பிடித்து, சூளையில் சுட்டால் 65 சதவீத இரும்புள்ள உருண்டைகள் கிடைக்கும். 1950களின் நடுவில் பெரிய ஆலைகள் வந்தன. 

உருண்டைகள் பச்சைத் தாதுவைப்போல் அவ்வளவு நெருங்கி அடையாது. அதே எழுபது டன்னுக்கு இப்போது அதிக இடம் வேண்டும். ஆகவே 1960களில் அந்தப் பழைய வேகன்களுக்கே பக்கச் சுவரை ஒரு அடிக்குச் சற்றுக் குறைவாக உயர்த்திக் கட்டினார்கள். இருபத்துநான்கு அடி நீளத்தை மட்டும் யாரும் தொடவில்லை, மேடை விடாது. ஒரு புகைப்படத்தில் வேகனின் மேல்விளிம்பைப் பார்த்தாலே போதும், உயர்த்திய சுவரா இல்லையா என்பதை வைத்து உள்ளே என்ன தாது, எந்தக் காலம், அந்த ஊர்களில் எத்தனை சிறு சுரங்கங்கள் மூடியிருக்கும் என்று ஒரு ஊகத்துக்கு வந்துவிடலாம். 

உருண்டைகளை மாதிரியில் காட்டுவதும் முடியாது. நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கிற உருண்டை 1:87இல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. முகப்பவுடர்தான். வேகனுக்கு வேகன் ஒரே சாம்பல் பழுப்பு. நாற்பது குவியலும் ஒன்றே. அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

1957இல் எல்லாம் ஒரே சமயத்தில் இருந்தன. யெல்லோஸ்டோன்கள் இன்னும் ஓடின, மரூனும் மஞ்சளும் அடித்த எஸ்.டி.9 டீசல்கள் வர ஆரம்பித்திருந்தன. 1960 சுமாருக்கு நீராவி முடிந்துவிடும். பச்சைத் தாதுதான் இன்னும் பெரும்பான்மை. தாதுப்பட்டையின் ஹிப்பிங் என்ற ஊரில் ராபர்ட் ஸிமர்மன் என்ற பதினாறு வயதுப் பையன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். பிறகு பாப் டிலன் என்று பெயர் வைத்துக்கொண்டு 2016இல் நோபல் பரிசு வாங்கியவர்தான். அவர் படித்த பள்ளியைப் போய்ப் பார்த்தேன். அரங்கத்தில் வெட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. ஒரு சுரங்க ஊருக்கு ஏன் இந்த அரண்மனை என்றால், காரணம் ஊரையே பெயர்த்ததுதான். ஹிப்பிங்கின் அடியிலும் தாது இருந்தது. 1919இல் தொடங்கிக் கட்டிடங்களை உருளைக் கட்டைமேல் ஏற்றி இரண்டு மைல் தெற்கே இழுத்துக்கொண்டு போனார்கள். பழைய ஊர் இருந்த பக்கத்தைக் குழி தின்றது. பள்ளி அந்தக் கணக்கில் கிடைத்தது. குழி இப்போது மூன்று மைலுக்கும் மேல் நீளம். பார்வையாளர் மேடையில் நின்று பார்த்தால் அடியில் நீல நிறத் தண்ணீர் தெரியும். டிலன் 1964 இசைத்தட்டில் ‘நார்த் கன்ட்ரி ப்ளூஸ்’ என்று ஒரு பாட்டு வைத்திருக்கிறார். சுரங்கம் மூடிய ஊரில் ஒரு பெண் சொல்வதாக வரும். மெசாபியைப் பற்றி நான் வாசித்த எந்த வரலாற்றையும்விட அதில் விஷயம் இருக்கிறது.

குழியை என்னால் மாதிரியில் செய்ய முடியவில்லை. 500 அடி ஆழம் என்றால் தரையைத் துளைத்து ஒன்றே முக்கால் மீட்டர் கீழே போக வேண்டும். சுவரில் வரைந்திருக்கிறேன்.

சரி, வண்டி என்ன வேலை செய்கிறது? சுரங்கத்தில் நிரப்பி மேடையில் கொட்டுவது என்றால் இரண்டு சுற்றில் அலுத்துவிடுமே என்று தோன்றும். உண்மையில் அந்த ரயில்வேயின் மூளை ப்ராக்டரில் இருந்தது. ஒவ்வொரு சுரங்கத்தின் தாதுவும் வேறு. இரும்பு எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று மாதிரி எடுத்துச் சோதனைச்சாலையில் பார்ப்பார்கள். முக்கியமாகப் பாஸ்பரஸ். 0.045 சதவீதத்துக்கு மேல் போனால் பெஸமர் உலைக்கு ஆகாது, எஃகு நொறுங்கும். எஃகு ஆலைக்கு இன்ன தரத்தில் இத்தனை டன் என்று கப்பல் போக வேண்டும். எந்த ஒரு சுரங்கத்திலும் அந்தத் தரம் அப்படியே கிடைக்காது. ஆகவே இந்தச் சுரங்கத்தில் பத்து வேகன், அந்தச் சுரங்கத்தில் நான்கு என்று ப்ராக்டரில் எடைபோட்டுப் பிரித்துச் சேர்த்து, மேடையில் குறிப்பிட்ட தொட்டிகளில் கொட்டுவார்கள். கலவை கப்பலின் வயிற்றில் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரியான 180 வேகன்கள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசாயன ஜாதகம்.

இது தெரிந்த நாள் எனக்கு மகிழ்ச்சியான நாள். பைத்தானில் நூறு வரியில் ஒரு நிரல் எழுதினேன். நாற்பது வேகன்களுக்கும் ஆறு கற்பனைச் சுரங்கங்களின் தரத்தை ஒதுக்கும். ஒரு கப்பலின் தேவையைச் சொல்லும். எந்த வேகன் எந்தத் தொட்டிக்கு என்பதை அது சொல்லாது, வேண்டுமென்றே சொல்லவைக்கவில்லை. சனிக்கிழமை இரவு இரண்டு நண்பர்கள் வந்து ஐந்து தண்டவாளத்தில் வேகன்களைப் பிரித்து அடுக்குவார்கள். ஒருவர் எஞ்சின், ஒருவர் யார்டு மாஸ்டர். முதல் முறை இரண்டரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு யாரும் ‘இத்தனையும் ஒரே வண்டிதானே’ என்று சொல்வதில்லை.

மேடையின் மேல் ஆட்களை நிறுத்தியிருக்கிறேன். பல மாதிரிகளில் மேடை வெறிச்சென்று இருக்கும், தாது தானாகக் கொட்டுகிற மாதிரி. ஈரத் தாது தானாகக் கொட்டாது. கதவைத் திறந்தாலும் வேகனுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீளக் கம்பு வைத்துக்கொண்டு வேகனுக்குள் குத்திக் குத்திக் கீழே தள்ள ஒரு கூட்டம் இருந்தது. எண்பது அடி உயரத்தில், ஏரிக் காற்றில், கால் வைக்கிற இடமெல்லாம் சிவப்புச் சேறு. ஃபின்லாந்துக்காரர்கள், ஸ்லோவீனியர்கள், குரோவாசியர்கள், இத்தாலியர்கள் என்று இந்தத் தாதுப்பட்டையில் பிழைக்க வந்தவர்களின் பட்டியல் நீளம். 1907இலும் 1916இலும் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன, இரண்டும் ஒடுக்கப்பட்டன. கடையில் மாதிரி ரயில் மனிதர்கள் என்று கேட்டால் சூட்கேஸ் பிடித்த பயணி, கொடி பிடித்த கார்டு, நாயோடு நடக்கும் பெண்மணி கிடைப்பார்கள். கம்பு பிடித்தவர் கிடைக்கமாட்டார். மீன்பிடிக்கிற ஆள்களாக எட்டுப் பேரை வாங்கித் தூண்டிலை வெட்டிவிட்டு, பித்தளைக் கம்பி ஒட்டி, தலையிலிருந்து பாதம்வரை காவி பூசினேன்.

அக்டோபர் என்று வைத்ததற்கும் காரணம் இதுதான். ஏரி உறைந்தால் கப்பல் இல்லை, கப்பல் இல்லாவிட்டால் ரயில் இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து டிசம்பர் ஆரம்பம்வரை சீஸன். அக்டோபர், நவம்பரில் முடிந்தவரை அனுப்பிவிடும் அவசரம். அப்போது ஈரத் தாது வேகனிலேயே உறைந்து கல்லாகிவிடும். கம்பு உதவாது. யார்டில் வேகன்களை நிறுத்தி அடியில் நீராவிக் குழாயைச் செருகி உருக்குவார்கள். ப்ராக்டரின் ஒரு ஓரத்தில் பஞ்சை மெலிதாகப் பிரித்து நீராவியாக வைத்திருக்கிறேன். அக்டோபர் கடைசி, காலை ஆறு மணி. விளக்கை நீலமாக வைத்தால் பரவாயில்லாமல் இருக்கிறது.

அந்த ரயில்வே 2004இல் கனேடியன் நேஷனல் கைக்குப் போனது. பாதை இருக்கிறது, ஆறாம் எண் மேடை இருக்கிறது, உருண்டைகள் போகின்றன. கோடையில் துலூத் போகிறவர்கள் மேற்குக் கரைப் பக்கம் போனால் மேடையைப் பார்க்கலாம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்துத் தொட்டிகளை எண்ண ஆரம்பித்தேன், அறுபதுக்கு மேல் கண் வலித்தது. தூண்களின் காங்கிரீட்டில் இன்னும் பழைய சிவப்பு ஊறியிருக்கிறது. அந்தச் சிவப்பை என் மாதிரி மேடையில் கொண்டுவர மூன்று முறை பூசிப் பார்த்துவிட்டேன். அடுத்ததாக உலர்ந்த சாயத்தூளை ஈரத் துணியால் ஒற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.